தும்மியது யார்?

பட்டறையில் எனக்குப் பேராசிரியர் என்று பெயர். கேட்டால் சிரிப்பீர்கள், நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், அந்த வாரம் புதிதாகத் தெரிந்துகொண்டதை ஆளுக்கொன்றாகச் சொல்வது எங்கள் வழக்கம். யாரும் கேள்விப்படாத பாட்டு, எங்கோ நடந்த பந்தயம், சரித்திரம், நாட்டு நடப்பு, எதுவும் இருக்கலாம். அதில் என்னை அடிக்க ஆளில்லை.

அத்தனையும் என் அக்கா சொன்னவை. அவள் வீட்டிலேயே துணி தைக்கிறாள். கை மெஷினில், காது ரேடியோவில். சாயங்காலம் நான் நுழைந்ததுமே, "டேய், இன்னைக்கு ஒண்ணு கேட்டேன் பாரு" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் போனைத் தடவிக்கொண்டே "ம்" போடுவேன். "உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?" என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பேன்! விழுந்துவிட்டு, வெள்ளிக்கிழமை அதையே பட்டறையில் அவிழ்த்துவிடுவேன். "எங்க அக்கா சொன்னா" என்ற மூன்று வார்த்தை ஒருநாளும் என் வாயில் வந்ததில்லை.

போன மாதம் அவளுக்குப் புதுக் கண்ணாடி செய்தேன். சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். அவசரத் தையலாம், வெள்ளிக்கிழமையே பட்டறைக்கு வந்துவிட்டாள். சரியாக டீ நேரம். நான் ஒரு பழைய இசைத்தட்டைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். இரண்டாவது சரணத்தில் யாரோ தும்முகிற சத்தம் கேட்குமாம், அதை அப்படியே விட்டுவிட்டார்களாம். தும்மியும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிமிர்ந்தால் வாசலில் அக்கா.

ஃபிரேம் பொருத்துகிற அண்ணன் அவளை உள்ளே அழைத்து ஸ்டூல் போட்டார். என் பக்கம் திரும்பி, "சரி, தும்மினது யாருப்பா? அதச் சொல்லு" என்றார்.

அதுதான் எனக்குத் தெரியாது. அக்கா சொல்லியிருந்தாள்தான். அவள் அந்த இடத்துக்கு வந்தபோது நான் போனில் ஏதோ ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். அதில் பர்ஸைத் தவிர ஒன்றும் கிடையாது, எனக்குத் தெரியாதா?

"அது... அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன்.

"பாத்தீங்களாம்மா, சஸ்பென்ஸ் வெக்கிறான்! வீட்டுலயும் இப்படித்தானா? உங்களுக்கு நல்லாப் பொழுது போகும்."

"ஆமாங்க. நல்லா சொல்வான்" என்றாள் அக்கா.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. ரேடியோ ஓடியது, மெஷினும் ஓடியது. மறுநாளும் அப்படியே. "இன்னைக்கு என்னக்கா கேட்ட?" என்று நானாகவே கேட்டேன். "ஒண்ணுமில்லடா, சாப்பிடு" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தால், டப்பாவின் மேல் மடித்த சீட்டு ஒன்று. துணி அளவு எழுதுகிற தாளில் அவள் கையெழுத்து.

"தும்மினது வயலின் வாசிச்சவர். அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல். திரும்பப் பதிவு பண்ணலாம்னு சொன்னதுக்குப் பாடினவங்க ஒத்துக்கலை. இத்தனை பேர் முன்னாடி அவர் தலைகுனிய வேணாம்னுட்டாங்க. யாராவது கேட்டா சொல்லு."

டீ வந்தது. சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. அக்கா சொன்னது என்றுதான் ஆரம்பிக்கப்போகிறேன் என்று சத்தியமாக நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் நேரே வயலின்காரர் வந்து விழுந்தார். சொல்லி முடித்ததும், "பேராசிரியர்னா பேராசிரியர்தான்!" என்று அண்ணன் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

சாயங்காலம் அக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி. அடுத்த வாரத்துக்கு ஒரு ஓட்டப்பந்தயம் வெச்சிருக்கேன். இந்தத் தடவையாவது கடைசிவரைக்கும் கேளுடா. பாதியில மாட்டிக்கிட்டு முழிக்காத."

போனைக் கவிழ்த்து வைத்தேன். கடைசிவரைக்கும் கேட்டேன். அவள் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.