காலை எட்டு மணிச் சாமி

என் புருஷன் சுகுமாறனுக்கு எச்ஐவி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நான் கேட்டுவிட்டேன். பதிலும் வந்தது, ஓர் அகப்பையும் உடைந்தது. அது எட்டு வருஷத்துக்கு முந்தின கதை.

தினம் மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார். ஆனால் தீமிதிக்குக் காப்புக் கட்டினால் மருந்தை நிறுத்திவிடுவார். விரதத்தில் மருந்து ஆகாதாம். போன வருஷம் காப்பு அவிழ்த்த பிறகும் மாதக்கணக்கில் தொடவில்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர், இருபது வருஷம் போய்வந்த கோலா கிளாவாங் சாலையில் வழி தெரியாமல் நின்றார். கம்பெனியில் லோரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கிளினிக் டாக்டர் சின்னப் பெண். "மூளைக்கு ஒரு வேலி இருக்குக்கா. தோட்டத்து கேட்டுல காவலுக்கு ஜாகா நிக்கிற மாதிரி. கிருமி நம்ம ரத்த அணுவுக்குள்ள ஒளிஞ்சி போவுது. ஜாகா நம்ம ஆளுதானேன்னு விட்டுர்றாரு. உள்ள போயி வீக்கத்தக் கெளப்பி, வேலியவும் ஓட்டையாக்கிடுது. மாத்திரைய விடாம சாப்பிட்டா ஞாபகம் திரும்பலாம். முழுசான்னு சொல்ல முடியாது" என்றாள்.

இந்த வருஷமும் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "சாமி உத்தரவு இல்லாம வாயில வைக்க மாட்டேன்."

தோட்டத்து கேட் பக்கத்திலேயே முனியாண்டி கோயில். அவரையும் மாத்திரையையும் இழுத்துக்கொண்டு போனேன். பூசாரி தங்கராஜு மேல் சாமி இறங்கியிருந்தது, வாயில் சுருட்டு.

"விரதத்துல மருந்தா?" என்று உறுமியது சாமி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ சுருட்டு புடிக்கலாம், பீர் குடிக்கலாம், இவரு மாத்திரை சாப்பிடக் கூடாதா? கேட்டுல நிக்கிறவன்தானே நீ? திருடன உள்ள விட்டுட்டு மருந்தத் தடுக்கிறியே, வெக்கமா இல்ல லா?"

சாமி இருமியது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. உடனே விபூதியோடு மாத்திரையையும் அவர் வாயில் போட்டது.

மறுநாள் காலை மாத்திரையை நீட்டினேன். "சாமி உத்தரவு வேணாமா?" என்றார். முந்தின நாள் நடந்தது துளிகூட நினைவில் இல்லை. அடுப்படிக்குள் போய் அழுதேன்.

பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டேன். வேப்பிலையை எடுத்தேன். "டேய் சுகுமாறா!" என்று நாக்கைத் துருத்தினேன். பயபக்தியோடு வாங்கி விழுங்கினார். கட்டின புருஷனை டேய் போட்டதில் கொஞ்சம் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு எனக்குச் சாமி வந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் நான் ஆட ஆரம்பித்ததும் அவரே மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

"முடியக் கட்டு நீலா. நேத்தும் நீதான் ஆடுன, முந்தாநாளும் நீதான். டேய்னு கூப்பிட்டதெல்லாம் ஞாபகம் இருக்கு லா."

வேப்பிலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.