வேகவைப்பதற்கு முன்

நத்தைச் சதையின் மூன்றாவது மாதிரியும் தேறாவிட்டால் கொட்டகைக்கு விற்பனை அனுமதி கிடையாது என்று உணவு ஆய்வகத்து அம்மா சொல்லிவிட்டார். கொட்டகை என் மச்சினனுடையது. அவன் கடலில் மூழ்கிக் உள்ளங்கை அளவுள்ள கடல் நத்தைகளை எடுத்து வருவான். மாமியார் வேகவைப்பார். நான் சதையை ஓட்டிலிருந்து இழுத்துச் சுத்தம் செய்வேன். மனைவி இறந்த பிறகு வேறெங்கும் போக மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டேன்.

சத்தில் குறையில்லை. புரதம் ஏராளம், கொழுப்பு சொற்பம், இரும்புச்சத்தும் உண்டு. மருத்துவமனைச் சமையலறையே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. சிக்கல், நத்தையின் தலைக்குள் இருக்கும் இரண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகள். வெளிர்மஞ்சள் நிறம், கொண்டைக்கடலை அளவு. விஷம் அவற்றில்தான். ஒன்றுவிடாமல் எடுத்தேன். இரண்டு முறையும் சதையில் விஷம் இருந்தது.

அன்று காலை மச்சினன் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"மாமா, நீங்க ஏன் ரெண்டு பேரா நிக்கிறீங்க?"

மாமியார் கரண்டியை ஓங்கினார். "விடிஞ்சும் விடியாம ஊத்திக்கிட்டு வந்துட்டியாடா?"

"சத்தியமா இல்லம்மா! வேகவெச்ச தண்ணி வீணாப் போகுதேன்னு ஒரு டம்ளர் குடிச்சேன். ஐயையோ, கரண்டியும் ரெண்டா வருது!"

அவனை வண்டியில் போட்டு மருத்துவரிடம் ஓடினோம்.

"டாக்டர், நீங்க ரெண்டு பேரும் பார்த்தா ரெட்டை ஃபீஸா?" என்று கேட்டான்.

"வாய் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும், அதுவரை தன் கண்ணெதிரிலேயே கிடக்கட்டும் என்று படுக்கவைத்தார்.

படியிறங்கும்போது எனக்கு உறைத்தது. அவன் சதையைத் தொடவேயில்லை. குடித்தது தண்ணீரை. வெந்தால் சதை சுலபமாகக் கழன்று வருகிறதே என்று முதலில் வேகவைத்தோம், பிறகுதான் சுரப்பியை எடுத்தோம். அதற்குள் விஷம் தண்ணீரில் இறங்கிச் சதையிலும் ஊறிவிட்டது. கொதித்தாலும் சாகாத விஷம் அது.

மனைவி போன இந்த ஒன்றரை வருடத்தில் நான் எதற்கும் அவசரப்பட்டதில்லை, குரலை உயர்த்தியதுமில்லை. அன்று கொட்டகை வரைக்கும் ஓடினேன். மாமியார் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"அத்தை, இன்னிக்கு அடுப்பு கடைசியிலதான். சுத்தியல் எங்க?"

"எதுக்கு மாப்பிள்ளை? அவன் மண்டையில போடவா?"

பச்சையாகவே ஓடுகளை உடைத்தோம். சதை வழுக்கியது. விரல் கிழிந்தது. மாமியார் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு சுரப்பிகளையும் கிள்ளி எறிந்தேன். நாற்பது நத்தை, எண்பது சுரப்பி. கழுவி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, நாலு மணிக்குள் ஆய்வகத்தில் கொடுத்தேன். மூச்சு வாங்கியது. அந்த அம்மா எனக்கு நாற்காலி போட்டார்.

மறுநாள் மதியம் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. தெளிந்த மச்சினன் ஒரு பக்கம், மாமியார் மறுபக்கம், போனில் காதை ஒட்டிக்கொண்டார்கள்.

"மூணாவது மாதிரி தேறிடுச்சு. விஷம் துளிகூட இல்ல. பச்சையிலயே சுரப்பியை எடுக்கணும்னு எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. நாளைக்கு வந்து அனுமதிக் கடிதம் வாங்கிக்கோங்க."

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மச்சினன் துள்ளியதில் ஒரு கூடை நத்தை தரையில் உருண்டது. மாமியார் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை கத்துங்க மாப்பிள்ளை," என்றார்.

கத்தினேன்.