குளிர் தாங்காத வேலி

எழுதிப் பழக்கமில்லாத கை இது. கற்றறிந்தோர் பலர் எழுதும் இடத்தில் இக்கதையைச் சொல்லத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். குற்றங்குறை காணின் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

அக்னெஸ் மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கணவன் எமிலியானுஸ் இரண்டு உணவகங்களில் மாறி மாறி வேலை செய்தான். அந்நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அவனுடைய தமக்கை புஷ்பராணியின் வீட்டு நிலக்கீழ் அறையே அவர்களுடைய குடித்தனம். புஷ்பராணி வேலைக்குப் புறப்பட்டதும் அவளுடைய இரட்டைக் குழந்தைகள் அக்னெஸின் கைக்கு வந்துவிடுவார்கள். காலை பத்து மணிக்கு அவர்கள் உறங்கும் ஒரு மணி நேரந்தான் அவளுக்கென்று இருந்தது. அப்போதும் தெருவில் இறங்க முடியாது. பின்வளவில் நிற்கலாம்.

அந்த நேரத்திற்குத்தான் கம்பி வேலிக்கு அப்பால் யோலாண்ட் வருவாள். ஹெய்ட்டி நாட்டவள், வைத்தியசாலையில் இரவு வேலை முடித்து வருபவள். ஒரு கரண்டியை உயர்த்திக் காட்டி அதன் பெயரைப் பிரெஞ்சில் சொல்வாள். அக்னெஸ் திருப்பிச் சொல்வாள். வெங்காயம், சாவி, செருப்பு, வாடிய இலை என்று ஒவ்வொன்றாக வேலிக்கு மேலே எழும். ஓரளவு பேசப் பழகிவிட்டால் வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலைக்குச் சொல்லிவிடுவதாக யோலாண்ட் வாக்களித்திருந்தாள். அந்த வாக்கை அக்னெஸ் எவரிடமும் சொல்லவில்லை.

2007 மே மாதத்தில் ஒரு நாள் புஷ்பராணி பேச்சைத் தொடங்கினாள்.

“பிள்ளை, உந்த வேலியடியிலை பச்சையா ஒரு மறைப்பு வேணும். நாங்கள் என்ன கறி வைக்கிறம் எண்டு ஊரே பாக்குது.”

“ஆர் மச்சாள் பாக்கினம்?”

“உனக்குத் தெரியாதோ? பக்கத்து வீட்டுக்காரியோடை அப்பிடி என்ன கதை? நாளைக்கு நீயும் வேலைக்கெண்டு வெளிக்கிட்டா என்ரை ரெண்டையும் ஆர் பாக்கிறது? மாதா இறங்கி வந்து பாப்பாவோ?” புஷ்பராணி சிரித்தாள். “சனிக்கிழமை தம்பியோடை போய் நீயே தெரிஞ்செடு. குளிர்காலத்திலையும் இலை கொட்டக் கூடாது. உன்ரை கைராசிக்கு இஞ்சை மிளகாயே காய்ச்சதெல்லே.”

சந்தையில் வாகனத்தை நிறுத்த இடமில்லாததால் எமிலியானுஸ் இறங்கவில்லை. கடைக்காரக் கிழவர் அக்னெஸுக்கு இரண்டு வகைச் செடிகளைக் காட்டினார். ஒன்று சீடர், எந்தக் குளிரையும் தாங்கும். மற்றது லாரல், மினுங்கும் இலை. அவள் லாரலைத் தொட்டதும் கிழவர் தலையை ஆட்டி மறுத்தார். குளிர் மிதமாக இருக்கும் வன்கூவர் போன்ற கரையோர ஊர்களுக்கே அது உகந்ததாம். மொன்றியலின் குளிர்காலத்தில் செத்துவிடுமாம். யோலாண்ட் கற்றுத்தந்த சொற்களையும் கிழவரின் கையசைவுகளையும் கொண்டே அக்னெஸ் அதை விளங்கிக்கொண்டாள்.

எட்டு லாரல் செடிகளை எடுத்தாள்.

“உது குளிருக்குத் தாங்குமோ?” என்று எமிலியானுஸ் கேட்டான்.

“ஓம், தாங்குமாம்.”

கணவனிடம் அவள் சொன்ன முதற் பொய் அது. ஒரு குளிர்காலம் கழிந்தால் வேலி மீண்டும் வெறும் கம்பியாகிவிடும் என்று கணக்கிட்டாள். அவள் குழி தோண்டியதை யோலாண்ட் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவதற்காகவே நடுகிறேன் என்று சொல்ல அக்னெஸுக்கு ஆசைதான். ஆனால் அவளிடம் இருந்தவை பொருட்களின் பெயர்களே. அடுத்த நாளிலிருந்து யோலாண்ட் வேலியடிக்கு வரவில்லை.

அவ்வருடம் பனி அளவின்றிக் கொட்டியது. சாவு உறுதியாக வேண்டுமென்று, நடைபாதைப் பனி முழுவதையும் அக்னெஸ் அள்ளிச் செடிகளின் மேல் குவித்தாள். மன்னார் வெயிலில் வளர்ந்தவளுக்குப் பனி கொல்லும் பொருளாகவே தெரிந்தது. வாரத்திற்கு இருமுறை, விரல்கள் மரத்துப்போகும்வரை குவித்தாள்.

“என்னப்பா, செடியளுக்குச் சமாதி கட்டுறீரோ?” என்று எமிலியானுஸ் பகிடி பண்ணினான்.

“ஓம்.”

ஏப்ரலில் பனி உருகியது. எட்டுச் செடிகளும் பச்சையாகவே நின்றன.

“கெட்டிக்காரி!” என்றாள் புஷ்பராணி. “பனி போர்வை மாதிரியாம். நீ மூடினபடியாத்தான் குளிர்காத்துப் படாமல் தப்பியிருக்கு எண்டு வேலையிலை சொல்லினம்.” அடுத்த சனிக்கிழமையே இடைவெளிகளை நிரப்ப மேலும் ஆறு செடிகள் வந்திறங்கின.

யோலாண்ட் ஒருமுறை வேலியருகே வந்தாள். ஓர் இலையை விரலால் தடவினாள். “நல்லாய்ப் பாதுகாத்திருக்கிறாய்” என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள். இருபது குளிர்காலங்களை இந்நகரில் கண்டவள் அவள். செடியைப் பனியால் மூடுபவர் எதற்காக மூடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

“இல்லை, இல்லை” என்றாள் அக்னெஸ். அதற்கு மேல் அவளுக்குச் சொல் வரவில்லை. யோலாண்ட் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆவணியில் வேலி அக்னெஸின் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. அப்பாலிருந்து சில நாட்களில் பாத்திரச் சத்தம் கேட்கும். கையில் இருப்பது கரண்டியா, சட்டியா என்று தெரியாது.

அக்னெஸ் இழந்தவை வருமாறு: காலையில் ஒரு மணி நேரம். ஒரு தோழி. சலவைப் பகுதி வேலை. கற்ற நூற்றுப் பன்னிரண்டு சொற்களில், பேச ஆளின்றி மறந்துபோன எழுபது.