நான்காவது புகைப்படம்

ஜூரி அறையின் கதவு சாத்தப்பட்டதும் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஜூரிகளில் ஒருத்தியான ஐலா நீமி யோசித்து வைத்திருந்தாள். 'நான்காவது புகைப்படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள்.' அவ்வளவுதான். குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை இருபத்தைந்து வருடத் திருமண வாழ்க்கையில் கற்றிருந்தாள்.

பெரிய வழக்கு என்று சொல்ல முடியாது, குற்றம் சாட்டப்பட்ட பையன் கோடி ரென்னருக்கு மட்டும்தான் அது பெரிது. பெட்ரோல் பங்க் கடையில் முகமூடி போட்ட ஒருவன் கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தான். வெளியே வந்து முகமூடியைக் கழற்றினான். எதிரே சலவைக்கடை நடத்தும் மிஸ் டுஷேன், தன் கடை ஜன்னல் வழியாக அந்த முகத்தைப் பார்த்ததாகவும் அது கோடிதான் என்றும் சாட்சி சொன்னாள். அவனுக்கு எதிராக வேறு எதுவுமே இல்லை. ஆனால் அது போதும், ஜூரி நம்பினால். அப்புறம் அவன் இளமையெல்லாம் சிறையில்தான்.

நான்காவது படம் கடை வாசலில் சிந்திக் கிடந்த சில்லறையைக் காட்டுவதற்காகப் போலீஸ் உடனே வந்து எடுத்தது. சில்லறைக்குப் பின்னால், தெருவுக்கு அப்பால், படத்தின் ஓரத்தில் சலவைக்கடை இருந்தது. அதன் ஒரே ஜன்னலை மூலைக்கு மூலை மறைத்து ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது: குளிர்காலக் கோட்டுகளுக்குச் சலவை பாதி விலை. படம் நீதிமன்றத் திரையில் கொஞ்ச நேரமே நின்றது. இரண்டு வக்கீல்களும் சில்லறையைப் பற்றியே பேசினார்கள்.

ஐலா காத்திருந்தாள். இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று. கோடியின் வக்கீல் ஆர்ச்சர் காகிதங்களைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்துவிட்டார்.

ஜூரி கேள்வி கேட்க இந்த நீதிபதி அனுமதிப்பதில்லை. சாட்சியம் முடிந்து அறைக்குள் போகும்வரை ஜூரிகள் தங்களுக்குள் கூட வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் இறைச்சி அடைத்த பேஸ்டி சாப்பிட்டார்கள், பனியைப் பற்றிப் பேசினார்கள், ஏரி இந்த வருடம் முழுசாக உறையுமா என்று பந்தயம் கட்டினார்கள். அவள் அந்த வாக்கியத்தை வாயில் அடக்கிக்கொண்டு மென்றாள். அதில் ஒரு இன்பம் இருந்ததை அவளால் மறுக்க முடியவில்லை. பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் எல்லோரும் தன் பக்கம் திரும்பும் அந்தக் கணத்தை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான் அந்தப் பையனுக்காகத் தவிக்கிறேனா, அந்தக் கணத்துக்காகவா? கேள்வி வந்தது. பதில் தேடாமல் விட்டுவிட்டாள். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதானே.

கடைசி நாள். வழக்கைக் கேட்டவர்கள் பதினான்கு பேர். நடுவில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் என்று இரண்டு பேர் அதிகம். தீர்ப்புச் சொல்லப் பன்னிரண்டு பேர்தான். கழிக்கப்படும் இருவர் யார் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. குமாஸ்தா ஒரு மரப்பெட்டியைச் சுழற்றிச் சீட்டை எடுத்தாள்.

"ஒன்பதாவது நாற்காலி."

ஐலா திரும்பிப் பார்த்தாள். அது அவள் நாற்காலிதான். அடுத்த சீட்டு வேய்ன் பெல்டியருக்கு. பாதி சாட்சியத்தைத் தூங்கியே கழித்தவர். அவர் சந்தோஷமாகக் கோட்டை மாட்டினார்.

நீதிபதி நன்றி சொன்னார். தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடுவோம், தீர்ப்பு வரும்வரை வழக்கைப் பற்றி எவரிடமும் பேசக்கூடாது என்றார். அவள் தலையாட்டினாள். என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

வெளியே தங்கை ஹெல்வி காரில் காத்திருந்தாள்.

"என்ன மூஞ்சி இது? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"என்னைக் கழிச்சிட்டாங்க. சீட்டு எடுத்து."

"சர்ச் பிங்கோவுல ஒரு தடவ கூட உன் நம்பர் வந்ததில்ல. இன்னிக்குப் பாத்து வந்திருக்கு பாரு!"

"சிரிக்காதடி."

"சரி, சிரிக்கல. வீட்டுக்குப் போய் சௌனாவுல நல்லா வேர்த்துட்டுப் படு. அவங்க பாத்துப்பாங்க."

"என்னத்தப் பாப்பாங்க? யாருமே பாக்கலடி! ஜன்னல்ல இத்தாம் பெரிய தாள் ஒட்டியிருக்கு. அவ எப்படிப் பாத்திருப்பா?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயை உணர்ந்தாள். கையால் மூடிக்கொண்டாள்.

ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஹெல்வி ஓரமாக நிறுத்தினாள். "அப்ப அந்தப் பையன் செய்யலையா?"

"செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவ பாத்திருக்க முடியாது. அது போதும்."

கைபேசி அடித்தது. நீதிமன்றத்திலிருந்துதான். ஒரு ஜூரி படியில் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாராம். உடனே வர வேண்டும். விவாதம் முதலிலிருந்து தொடங்கும்.

"ஒண்ணும் பேசலன்னு சொல்லிடு," என்றாள் ஹெல்வி, வண்டியைத் திருப்பிக்கொண்டே. "நான் செவிடு. எனக்கு எதுவும் கேக்கல."

நீதிமன்றத்தில் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மிசஸ் நீமி, இங்கேருந்து போனப்புறம் யார்கிட்டயாவது வழக்கைப் பத்திப் பேசினீங்களா?"

இல்லை என்று சொன்னால் அந்த ஜூரி அறை. அந்தப் பதினொரு முகங்கள். அந்தப் பையன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், நகத்தைக் கடித்தபடி. அவனுக்காக ஒரு பொய் சொல்லலாமா? ஆனால் மிஸ் டுஷேனும் இதே நீதிமன்றத்தில் கையை உயர்த்தி உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தவள்தான். அவளை எந்த விஷயத்துக்காக நம்பவில்லையோ அதையே செய்துவிட்டு உள்ளே போய் எப்படி உட்காருவது?

"என் தங்கச்சிகிட்ட."

"என்ன சொன்னீங்கன்னு சொல்ல வேண்டாம். நன்றி. நீங்க போகலாம்."

"ஐயா, ஒரே ஒரு விஷயம்—"

"வேண்டாம்மா."

வேய்ன் பெல்டியரைக் கூட்டிவந்தார்கள். அவர் யாரிடமும் பேசவில்லை. பேச அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

அவள் தாழ்வாரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு வந்துவிட்டால் வாய் திறக்கலாம். அன்று மாலையே வந்தது: குற்றவாளி. வேய்ன் வெளியே வந்தபோது எழுந்து நின்றாள்.

"போட்டோவெல்லாம் பாத்தீங்களா?"

"அதுவா? கவர்ல இருந்துச்சு. யாரும் பிரிக்கல. எல்லாருக்கும் வீட்டுக்குப் போகணும்."

ஆர்ச்சர் கடைசியாக வந்தார். அவள் சொல்வதை அவர் நின்று கேட்டார், பிறகு பையைத் திறந்து படத்தைத் தேடி எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆரம்பத்துலேருந்தே எங்கிட்ட இருந்துச்சு," என்றார் மெதுவாக. "புது ஆதாரம்னு சொல்லி மறுவிசாரணை கேக்கக்கூட முடியாது. அப்பீல்ல எழுதிப் பாக்கறேன். நம்பிக்கை வைக்காதீங்க."

"இடது ஓரத்தைப் பாருங்க!"

"பாத்துட்டேம்மா."

"இன்னொரு தடவ பாருங்க!"

தாழ்வாரம் முழுக்க அவள் குரல் எதிரொலித்தது. கடைக்கோடியில் துடைப்பம் வைத்திருந்த ஆள் மட்டும் திரும்பிப் பார்த்தான்.