சுவாமியார் ஓடாத கார்

செபமாலையின் ஏ-40 காரை வாங்கவென்று அந்த ஆவணி மாதத்தில் ஆறு பேர் வந்து போனார்கள். ஆறு பேரில் ஒருவருக்கும் கார் தேவைப்படவில்லை. ஒருவருக்கு டைனமோ மட்டும் வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் ரேடியோ கேட்க பற்றரி சார்ஜ் பண்ணுவதற்கு. இன்னொருவருக்கு நாலு டயரும் வேண்டும், மாட்டு வண்டிலுக்குப் பூட்ட. கொக்குவிலில் இருந்து வந்த மனிதர் பின்சீற்றில் ஏறி இருந்து பார்த்தார், இறங்கி நின்று பார்த்தார், பிறகு, "இதை மட்டும் கழட்டித் தருவியளோ, விறாந்தையிலை போட வடிவாயிருக்கும்" என்றார்.

"உயிரோடை நிக்கிற மாட்டுக்குத் தோல் விலை கேக்கிறாங்கள்" என்று செபமாலை படலையைச் சாத்தினார்.

வந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டைக்காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் அரசாங்கம் ஒரு சொட்டுப் பெற்றோல் வர விடுவதில்லை. ஓடிய நாலைந்து கார்களும் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. கடலுக்கும் தடை. குருநகர்க் கரையில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடக்க, மீன் யாவாரி செபமாலைக்கு இரண்டு வருடமாய் யாவாரமும் இல்லை, காருக்கு வேலையும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை கொட்டிலுக்குள் வைத்தே ஸ்ரார்ட் பண்ணி, பத்து நிமிடம் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிறுத்துவார். அவ்வளவுதான்.

ஆனால் இப்போது விற்றே ஆகவேண்டும். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரே மகள் றோசுக்குப் புரட்டாசிக் கடைசியில் பிள்ளை பிறக்க இருந்தது. கலியாணம் கட்டி நாலு வருடத்துக்குப் பிறகு வருகிற முதற்பிள்ளை. அதற்கு முன்னால் மனைவி லூர்த்தம்மா மகளிடம் போய்ச் சேர வேண்டும். குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்க வேண்டும், அதற்கப்பால் எத்தனையோ பஸ், எத்தனையோ நாள். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வீட்டில் காசாகக்கூடிய பொருள் கார் ஒன்றுதான்.

"நீ போட்டு வா. நான் நிண்டு வீட்டைப் பாக்கிறன்" என்று செபமாலை முதல் நாளே சொல்லிவிட்டார். பார்ப்பதற்கு அந்த வீட்டில் இரண்டு கோழியும் ஒரு முருங்கையும் இருந்தன. லூர்த்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

ஏழாவது ஆளைத் தரகர் பஞ்சலிங்கம் கொண்டு வந்தார். பஞ்சலிங்கம் வாயால் வடை சுடுகிற மனிதர். இணுவிலில் அருளம்பலம் என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரர், கார் எடுத்து ஹயருக்கு, வாடகைக்கு ஓட நினைக்கிறார், முழுக்காராக வாங்குவார், வெள்ளிக்கிழமை இராகுகாலத்துக்கு முன் வருவார் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அண்ணை, ஒண்டு மட்டும். அவை நல்ல சைவ ஆக்கள். மீன் ஏத்தின கார் எண்டு தெரிஞ்சா படலைக்குள்ளையும் வரமாட்டினம். நான் சொல்லியிருக்கிறது, இது ஒரு சுவாமியார் வைச்சிருந்த கார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் வந்ததோடை சரி."

"ஐயோ, சுவாமியின்ரை பேரிலை பொய்யோ?" லூர்த்தம்மா நெற்றியில் சிலுவை போட்டாள். "பாவசங்கீர்த்தனத்திலை இதை ஆரிட்டைச் சொல்லுறது? சுவாமியிட்டையோ?"

"மோட்சத்துக்குப் போன சுவாமியார் எண்டு வையுங்கோ அக்கா. அவருக்கு இனி என்ன நட்டம்?"

செபமாலைக்குப் பொய் பிடிக்கவில்லை. ஆனால் புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பேசாமல் இருந்தார்; தரகர்கள் அதைச் சம்மதம் என்றுதான் எடுப்பார்கள்.

மூன்று நாள் காரைக் கழுவினார்கள். தேசிக்காய் பிழிந்து தேய்த்தார்கள், மஞ்சள் கரைத்து ஊற்றினார்கள், சீற்றைக் கழற்றி வெயிலில் போட்டார்கள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே சாம்பிராணி போட்டார்கள். மீன் வெடுக்கு இன்னும் இருக்கிறதா என்று செபமாலையைக் கேட்டுப் பயனில்லை. அறுபத்துநாலாம் ஆண்டிலிருந்து விடியற்காலைகளில் ஒட்டியும் பாரையும் விளைமீனுமாய்க் கடகம் கடகமாக ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கு அந்தக் காரை ஓட்டியவர் அவர். அவருடைய மூக்குக்கு அது வெடுக்கல்ல, காற்று. லூர்த்தம்மா முகர்ந்து பார்த்து, "இப்ப கோயில் மாதிரி மணக்குது, ஆனா கோயிலுக்குள்ளை ஆரோ மீன் வைச்சிருக்கிற மாதிரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள், கடல் தடைக்குள்ளும் கரையோரத்தில் அகப்படுகிற சில்லறை மீனைக்கூடத் தொடவில்லை. குருநகரில் அன்றைக்குச் சாம்பாறு கொதித்த வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு யாகப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆருக்கும் காய்ச்சல் வருத்தமோ?" என்று கேட்டான்.

அருளம்பலம் ஒன்பது மணிக்கு வந்தார். சைக்கிள் கரியரில் மனைவி குணலட்சுமி இருந்தாள். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி, அதிகம் கதைக்காத மனிதர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து சாத்தினார். கீழே படுத்துப் பார்த்தார். பஞ்சலிங்கம் மோட்சத்துக்குப் போன சுவாமியாரின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டே பின்னால் திரிந்தார்.

"ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணுங்கோ அண்ணை" என்றார் அருளம்பலம்.

டாங்கிக்குள் மண்ணெண்ணெய்தான். அது பற்றிக்கொள்ள, செபமாலை மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் நாலு துளியைக் காபிரேற்றருக்குள் விட்டார். அந்த நாட்களில் பெற்றோல் அப்படித்தான், தீர்த்தம் மாதிரி, துளிக்கணக்கு. கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கார் அந்த ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்த வாகனம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். செபமாலை எஞ்சின் மூடியை ஒருதரம் கையால் தடவினார்.

ஓடிப் பார்க்கப் புறப்பட்டார்கள். செபமாலை ஓட்ட, அருளம்பலம் பக்கத்தில் இருந்தார். குணலட்சுமியும் பஞ்சலிங்கமும் பின்னால். கடற்கரை வீதியில் காற்று வரும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. பட்டணப் பக்கம் திரும்ப வெயில் கூரையில் ஏறியது. பின்கண்ணாடியில் குணலட்சுமி சேலைத் தலைப்பை மெல்ல மூக்குக்குக் கொண்டுபோவதைச் செபமாலை கண்டார். பஞ்சலிங்கமும் கண்டிருக்க வேண்டும், "சுவாமியார் சாம்பிராணிப் பிரியர்" என்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கையில் ஸ்ரேரிங். செபமாலைக்குத் தான் ஒரு காரை விற்கப் போகிறோம் என்பது மறந்துபோயிற்று. கால் தன்பாட்டில் கிளச்சை மிதித்தது, கை தன்பாட்டில் கியரை மாற்றியது. கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தின் நீண்ட மதில் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு நூறு யார் முன்னால், மதில் வளைகிற மூலையில் ஒரு வாகைமரம் நிற்கும். கார் அந்த மரத்தடிக்கு வந்ததும் வேகம் குறைந்து, இடப்பக்கம் ஒதுங்கி, அப்படியே நின்றுவிட்டது.

அருளம்பலம் தலையை வெளியே நீட்டி முன்சில்லைப் பார்த்தார்.

"என்னண்ணை? எஞ்சின் அடைக்குதோ, பிறேக் பிடிக்குதோ?" என்று அருளம்பலம் கேட்டார். பஞ்சலிங்கத்தின் முகம் வெளிறிவிட்டது. நடுவழியில் நிற்கிற காரை எந்தச் சுவாமியாராலும் விற்க முடியாது.

செபமாலை தன் காலைப் பார்த்தார். அது பிறேக்கில் இருந்தது. எஞ்சினில் சின்னக் கோளாறு, ரியூன் பண்ணினால் சரி என்று ஒரு பொய் சொல்லலாம். விலையில் ஆயிரமோ இரண்டாயிரமோ குறையும், அவ்வளவுதான். ஆனால் ஒருநாளும் தானாக வழியில் நின்றுவிடாத அந்தக் காரின் மேல் இல்லாத குறையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"காரிலை ஒரு பிழையும் இல்லைத் தம்பி. பிழை என்ரை காலிலை" என்றார். "இது சுவாமியாரின்ரை காரில்லை. என்ரை கார். இருபத்தாறு வருசம் இதிலை மீன் ஏத்தினனான். சுன்னாகத்திலை மீனை இறக்கிப்போட்டு வந்து, ரெண்டு வாளி தண்ணி அடிச்சுக் கழுவி, என்ரை மகளைப் பள்ளிக்கூடம் கொண்டு வருவன். ஆறாம் வகுப்பு முடியுமட்டும் அந்த வாசலிலைதான் இறக்கினனான். பேந்து ஒருநாள் சொன்னாள், அப்பா, என்னை இந்த மரத்தடியிலை இறக்கி விடுங்கோ எண்டு. ஏனெண்டு நான் கேக்கேல்லை. கேக்க என்ன இருக்கு? மீன் வெடுக்கெண்டு மற்றப் பிள்ளையள் பழிச்சிருக்குங்கள். பிறகு ஏழு வருசம் இந்த மரத்தடியிலைதான் இறக்கினனான். அவள் பள்ளிக்கூடம் விட்டுப் பதினாலு வருசமாச்சு, இந்தக் கால் இன்னும் இதிலை நிக்குது."

இதை அவர் இதற்குமுன் ஒருவருக்கும் சொன்னதில்லை. கோபமென்று சொல்ல முடியாது. பிள்ளை கேட்டது நியாயம்தான் என்று எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் கலியாணம் கட்டிப் போனபிறகு, வாருங்கோ வாருங்கோ என்று எழுதிய ஒவ்வொரு முறையும் அந்த வாகைமரம் வந்து வழியை மறித்தது. கொழும்பில் அவள் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள். மீன் யாவாரி அப்பனை எந்த மூலையில் இறக்கி விடுவாள் என்று நினைத்துக்கொள்வார்.

"திருப்புங்கோ அண்ணை" என்றார் அருளம்பலம்.

திரும்பி வரும் வழியெல்லாம் பஞ்சலிங்கம் சால்வைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று செபமாலை நினைத்தார். லூர்த்துவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருக்குக் கவலை.

முற்றத்தில் கார் நின்றது. அருளம்பலம் இறங்கவில்லை.

"எங்கடை வீடு றோட்டுக் கரையிலை அண்ணை" என்றார். "முந்தி விடியப்புறம் ஆறு மணிக்கு உங்கடை காரின்ரை சத்தம் கேட்டாத்தான் எங்கடை அம்மா அடுப்பு மூட்டுவா. மணிக்கூடு எங்களுக்கு அதுதான். நான் தோட்டத்துக்கு இறங்கேக்கை நீங்கள் சுன்னாகத்துக்குப் போவியள். படலைக்குள்ளை வந்து காரைக் கண்ட உடனை எனக்குத் தெரியும், இது எந்தச் சுவாமியாரும் ஓடின காரில்லை எண்டு."

பஞ்சலிங்கம் கொட்டிலின் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"தெரிஞ்சோ வந்தனீங்கள்?" என்று செபமாலை கேட்டார்.

"இல்லை, சுவாமியார் கார் எண்டுதான் வந்தனான். தரகரின்ரை கரைச்சலுக்கு ஒருக்காப் பாத்து, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போக நினைச்சு வந்தனான். கிழமைக்கு ஒருநாள் ஓடின கார் எனக்கென்னத்துக்கு? போன மாசம் என்ரை தம்பியைப் பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஒரு கார் பிடிச்சம். கோண்டாவிலிலை நிண்டிட்டுது. தள்ளினம், சுத்தினம், ஊதினம், அசையேல்லை. மாட்டு வண்டிலிலை போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தம். தப்பினது முருகன் செயல். அண்டைக்குத்தான் நினைச்சன், ஊருக்கு, வழியிலை நிக்காத கார் ஒண்டு வேணும். மீன் காத்துக்கொண்டிருக்காது தானே அண்ணை. இது எத்தினை நாள் வழியிலை நிண்டிருக்கும்?"

செபமாலை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ரெண்டு நாள்" என்றார். "ஒருநாள் டயர் வெடிச்சது. மற்ற நாள் வெள்ளம், கொக்குவிலிலை இடுப்பளவு."

"அப்ப சரி" என்று அருளம்பலம் மடியில் இருந்த பொதியை எடுத்தார். கேட்ட விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. பின்சீற்றில் இருந்த குணலட்சுமி தலைப்பை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "வெடுக்குத்தான் அண்ணை, இல்லையெண்டு சொல்லேலாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்திலை ஆர் மூக்கைப் பாக்கப் போகினம்?" என்றாள். பிறகு தேத்தண்ணி கொண்டு வந்த லூர்த்தம்மாவிடம், "உங்கடை மகளை இறக்கி விட்ட மரத்தையும் கண்டிட்டு வாறம் அக்கா. பாவம் அண்ணை, இன்னும் மறக்கேல்லை" என்றாள்.

லூர்த்தம்மா நீட்டிய கோப்பையைச் சரித்துவிட்டாள். தான் கட்டியிருந்த சாரம் முழுக்கத் தேத்தண்ணி சிந்தியதை அருளம்பலம் பொருட்படுத்தவில்லை.

கார் போனது. சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்ப் புகையை ஒழுங்கை முழுக்கப் பரப்பிக்கொண்டு போனது. யாகப்புவும் பெண்சாதியும் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். சத்தம் ஓயும்வரை செபமாலை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவேண்டும் போல இருந்தது. இந்த வயதில் ஒரு இரும்புக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வர, லூர்த்தம்மா வெறும் கொட்டிலின் வாசலில் குந்தியிருந்தாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "அது பிள்ளை கேட்டதில்லை."

"எது?"

"மரத்தடியிலை இறக்கச் சொன்னது. நான்தான் அப்பிடிச் சொல்லு எண்டு சொல்லிக் குடுத்தனான். நான் அஞ்சாம் வகுப்புப் படிக்கேக்கை என்னை மீன்காறி எண்டு வகுப்பிலை கடைசி வாங்கிலை தனிய இருத்தி வைச்சவை. அதோடை பள்ளிக்கூடத்தை விட்டனான். என்ரை பிள்ளைக்கு அது வரக்குடாதெண்டு நினைச்சன். அவள் முதல் நாள் அழுதவள். அப்பாவோடை வாசல்மட்டும் போனா என்ன, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை எண்டு அழுதவள். நான்தான் அடிச்சு அனுப்பினனான்."

செபமாலை அவளையே பார்த்தார். கத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இருபத்தொரு வருடம். ஒரு பிள்ளையின் மேல் இருபத்தொரு வருடமாகத் தான் வைத்திருந்த வருத்தத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு நோகுதெண்டு எனக்குத் தெரியாது. இண்டைக்கு ஆரோ ஒரு மனிசி வந்து சொல்லித்தான் தெரியுது."

அதுவும் உண்மைதான். அவர் சொன்னால்தானே. அவர் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். நிலத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்கள். உள்ளே சாம்பாறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"பாஸுக்கு எழுதிக் குடுக்கப் போகேக்கை" என்று கடைசியில் செபமாலை சொன்னார், "என்ரை பேரையும் குடு. நானும் வாறன்."

லூர்த்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உங்கடை பேரை நான் போன கிழமையே குடுத்திட்டன்" என்றாள்.