இதழாசிரியரின் கூலி

பாறைகளைப் பற்றிய ஆய்விதழ் ஒன்றுக்குப் பேராசிரியர் பல வருடங்களாக ஆசிரியர். என்ன கொடுக்கிறார்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை, மச்சினன் வந்து உட்காரும்வரை. துணி மொத்த வியாபாரி அவன். துக்க வீட்டுக்குப் போனாலும் சவப்பெட்டி என்ன விலை என்று விசாரிப்பவன்.

"ஒண்ணும் கிடையாது, மாப்ளே. கௌரவம்தான்."

"கட்டுரை எழுதுறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் இல்ல."

"சரக்கு ஓசி, தரம் பாக்குற ஆளும் ஓசி. அதை யாருக்கு விக்கிறாங்க?"

"எங்க பல்கலைக்கழகமேதான் வாங்குது. நூலகத்துல பாதிக் காசு இந்த மாதிரி இதழ்களுக்கே போயிடுது."

மச்சினன் எழுந்து நின்றுவிட்டான். "இப்படி ஒரு வியாபாரம் இருக்குன்னு என்கிட்ட ஏன் மாமா சொல்லவே இல்ல?"

"நல்லாக் கேளுடா," என்றாள் பேராசிரியரின் மனைவி. "இன்னிக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பதிப்பகத்துலேர்ந்து கூப்பிடுறாங்க. இவரு ஒண்ணு காசு கேக்கட்டும், இல்ல பதவியை விட்டுடட்டும்."

 தன் பெயர் இல்லாத இதழ் அட்டையைப் பேராசிரியரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஒரே ஒரு கேள்வி கேளுங்க," என்றான் மச்சினன். "அப்புறம் வாயே திறக்கக் கூடாது."

கணினித் திரையில் பதிப்பகத்து அம்மாள் சிரித்தாள். மச்சினன் கேமராவில் விழாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.

"மத்த ஆசிரியர்களுக்குப் பணம் கொடுக்கறீங்களா?" என்று பேராசிரியர் ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

"சிலருக்கு உண்டு சார், பலருக்கு இல்ல. கேட்டவங்களுக்குக் கொடுக்கிறோம்."

கேட்காமல் கழிந்த வருடங்களை அவர் விரல்விட்டு எண்ணினார். வாய் திறக்கவில்லை. அம்மாள் தயங்கி ஒரு தொகை சொன்னாள். அவர் பேசவில்லை. கூட்டினாள். மச்சினன் அவர் முழங்காலை அழுத்தினான். அம்மாள் இன்னும் கூட்டினாள்.

அதற்குமேல் பேராசிரியருக்குத் தாங்கவில்லை. கைக்கு வந்த எந்தக் கட்டுரையையும் ஆதாரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பியே பழகிய மனிதர்.

"மன்னிக்கணும். இந்தத் தொகையை நியாயப்படுத்த முடியாது. நான் செய்யற வேலைக்கு நீங்க முதல்ல சொன்னதே கொஞ்சம் அதிகம்."

"ரொம்பச் சந்தோஷம் சார். அதிலும் கொஞ்சம் குறைச்சே போட்டுடறேன்," என்று அம்மாள் சட்டென்று முடித்துக்கொண்டாள்.

"ஏதோ வருதுல்ல, பதவி இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் மனைவி. பேராசிரியருக்கு முகமெல்லாம் பல்.

மச்சினன் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, இந்த வீட்டை எப்பவாவது விக்கிறதா இருந்தா வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க."