எண்ணெய்க் குழி

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போது கூடத் தொடை ஆடிக்கொண்டிருக்கும். டிவி ரிமோட் என் கையில் இருக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் பெல்ட் ஓடுகிற பக்கம் எனக்கு வேலை. எது நின்றாலும் ஓடிப்போய் ஓட வைக்க வேண்டும். அங்கே யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. கீழப்பழுவூருக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்தால்தான் வம்பு. "பேய் புடிச்ச மாதிரி நடக்காதீங்க, பாக்குற எனக்குத் தலை சுத்துது" என்பாள் என் மனைவி ஜெயசித்ரா. மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தேன். யோகாவுக்குப் போனேன். நாலாம் நாள் யோகா வாத்தியார், "நடராசன் சார், நீங்க வாக்கிங் போங்களேன்" என்றார்.

என்னை நிற்க வைத்தது ஒரே ஒரு பொருள்தான். என் மாமனார் இளையபெருமாள் வைத்திருந்த ஏர்கன்.

திருவிழாவில் பலூன் சுடுவார்களே, அந்த ரகம் இல்லை. அதில் குழலையே மடக்குவார்கள். இதில் குழல் அசையாது. அடியில் நீளமாக ஒரு லிவர். அதைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். குழலின் பின்முனையில் ஒரு சின்னத் திருகு. தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோல் திருப்பினால் ஒரு குழி தெரியும். ஈய ரவையை அதில் போட்டு மூடிவிட வேண்டும். திருச்சி பொன்மலையில் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் ஒருவர், ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது மாமனாருக்குக் கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். இருக்கிற ஸ்பிரிங் போய்விட்டால் என்ன செய்வது என்று நானும் மாமனாரும் மாற்று ஸ்பிரிங்குக்காக ஒரு கோடை முழுக்க அலைந்திருக்கிறோம். அந்த அளவில் எங்கும் கிடைக்கவில்லை.

துப்பாக்கியின் பின்கட்டையைக் கன்னத்தில் அணைத்து, நூலில் தொங்குகிற எலுமிச்சம்பழத்தைக் குறி பார்க்கும்போது என் மூச்சு தானாக நிற்கும். தொடை நிற்கும். மண்டைக்குள் ஓடுகிற பெல்ட் நிற்கும். ரவை போன பிறகு எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், அது வேறு. அந்த ஒரு கணத்துக்காகத்தான் எனக்கு அந்தத் துப்பாக்கி வேண்டும்.

தை மாதம் மாமனார் போய்ச் சேர்ந்தார். துப்பாக்கி என் வீட்டில் இருந்தது. என் சகலை ராஜேஷுக்கு, அதாவது ஜெயசித்ராவின் தங்கை அபிநயாவின் கணவருக்கு, பெரம்பலூரில் விதைக்கடை. அதுவரை அதைக் குருவிக் குச்சி என்று கேலி செய்துகொண்டிருந்த மனிதர், ஒருநாள் போட்டோ எடுத்து ஏதோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். இது வெளிநாட்டிலேயே அபூர்வம் என்று யாரோ எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமனார் மேல் பாசம் பொங்க ஆரம்பித்துவிட்டது.

"கண்ணாடிப் பெட்டி செஞ்சு கடையில வைப்போம் சகல. வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான்."

"பெட்டியில வைக்கிறதுக்கு அது என்ன பொணமா?" என்றேன். ஆடி மாதம் தொடங்கிய சண்டை. அக்காளும் தங்கையும் போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் மாமியார் உண்ணாமலை ஒரு முடிவு சொன்னார். "ரெண்டு மாப்ளயும் மண்டைய ஒடச்சுக்கிறதுக்குள்ள ஒரு வழி பண்ணணும். விஜயதசமி அன்னைக்கு எலுமிச்சம்பழத்தக் கட்டுங்க. ஆளுக்கு ஒத்த ரவை. அடிக்கிறவரு எடுத்துக்கிட்டுப் போங்க. அதுக்கப்பறம் இதப் பத்தி ஒரு பேச்சு இருக்கக் கூடாது."

ராஜேஷ் கல்லூரியில் என்சிசியில் இருந்தவர், நன்றாகச் சுடுவார். விஜயதசமிக்கு இருந்த பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை அன்று ஆலையில் பூஜை முடித்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஜெயா எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தாள். அவளுடைய தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகம், என் ஸ்பானர் செட், அரிவாள்மணை. நடுவில் துப்பாக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. நான் லிவரை ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

"தொடாதீங்க. பூசையில வச்சதக் காலையிலதான் எடுக்கணும்."

"ஒரே ஒரு தடவ."

"எல்லாம் பளபளன்னு தொடச்சுத்தான் வச்சிருக்கேன். போங்க அந்தப் பக்கம்."

போனேன். வாசலுக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், ஏற்கெனவே இரண்டு பூசணிக்காய் இருக்கும்போது மூன்றாவது வாங்கி வந்தேன். "உக்காருங்க மாப்ள, தரை தேயுது" என்றார் பூஜைக்கு வந்திருந்த மாமியார்.

காலையில் ராஜேஷ் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். கையில் ஸ்வீட் பாக்ஸ். கொல்லையில் முருங்கை மரத்தில் பழத்தைக் கட்டினோம். ஜெயா கற்பூரம் காட்டித் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாள். சாம்பிராணியும் கற்பூரமும் மூக்கை அடைத்திருந்தன. வேறு வாசனை எதுவும் தெரியவில்லை. மூத்த மாப்பிள்ளை என்பதால் நான்தான் முதலில்.

லிவரை இழுத்தேன். திருகைத் திறந்து ரவையைப் போட்டு மூடினேன். கட்டையைக் கன்னத்தில் வைத்தேன். பழம் அசையாமல் தொங்கியது. மூச்சு நின்றது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, அவ்வளவு நிம்மதி.

சுட்டேன்.

எப்போதும் 'டப்' என்று கேட்கிற துப்பாக்கி, தீபாவளி வெடி மாதிரி வெடித்தது. குழலிலிருந்து நீலப் புகை. பழத்துக்கு ஒரு முழம் மேலே தொங்கிய முருங்கைக்காய் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"சாம்பாருக்கு ஆச்சு சகல" என்றார் ராஜேஷ்.

நான் திருகைத் திறந்து விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது. முகர்ந்தேன். தையல் மெஷின் எண்ணெய்.

"எவ இதுல எண்ணெ ஊத்துனது?" என்று கத்தினேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

ஜெயா பயப்படவில்லை. அவளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. "நாந்தான். நல்லா ஓடட்டும்னு ஊத்துனேன். மெஷின்ல எங்கெங்க ஓட்டை இருக்கோ அங்கெல்லாம் ஒரு சொட்டு விடுவோம்ல? இதுல திருகைத் திருப்பிப் பாத்தா ஒரே ஒரு எண்ணெக் குழிதான் இருந்துச்சு. அதான் கொஞ்சம் தாராளமாவே ஊத்துனேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரல் இறங்கியது. "நீங்க ஜெயிக்கணும்னுதாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தைக்கு மேல் அவளை என்னவென்று திட்டுவது?

"சரி, குடுங்க" என்று ராஜேஷ் கையை நீட்டினார். "இப்ப என் முறை."

"சகல, இருங்க. உள்ள எண்ணெ நிக்கிது. டீசல் எஞ்சின்ல நடக்கிறதுதான் இதுலயும் நடக்குது. காத்த அமுக்குனா சூடு, அந்தச் சூட்டுல எண்ணெ வெடிக்குது. இன்னொரு அடி தாங்காது, ஸ்பிரிங்கு போயிரும். ஒரு வாரம் குடுங்க. கழட்டித் தொடச்சுட்டு ரெண்டு பேரும் புதுசா சுடுவோம்."

அவர் சிரித்தார். "தோத்துட்டு நல்லா சொல்றீங்களே கதை. ஒத்த ரவைன்னு அத்தை சொன்னாங்கல்ல? உங்களுது ஆயிருச்சு. என்னோடத நான் சுட வேணாமா?"

நியாயமான கேள்வி. மாமியாரும் அதையேதான் சொல்வார். ராஜேஷ் லிவரில் கை வைத்தார். எனக்கு அந்த ஸ்பிரிங் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"சுடாதீங்க" என்றேன். "நீங்க ஜெயிச்சதா வச்சுக்குங்க. எடுத்துக்கிட்டுப் போங்க. பெட்டியில வையுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. சுட மட்டும் சுடாதீங்க. கடைக்கு வந்து நானே கழட்டித் தொடச்சுத் தரேன்."

ராஜேஷுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நெசமாவா சகல?" என்று இரண்டு தடவை கேட்டார். நெசம்தான் என்றேன். அபிநயா அக்காளைக் கட்டிக்கொண்டாள். பழைய பெட்ஷீட்டில் நானே துப்பாக்கியைச் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்க வைத்தேன். பக்கத்தில் ரவை டப்பாவையும் வைத்தேன். அதை வைத்துக்கொண்டு நான் இனி என்ன செய்யப்போகிறேன்?

கார் கிளம்பிப் போனது. நான் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஜெயா பூஜைச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஏரிக்கரைப் பக்கம் அந்த வெடிச் சத்தம் கேட்டது.

நான் நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. ஜெயாதான் எடுத்தாள். "சொல்லுங்க தம்பி" என்றாள். வெகுநேரம் கேட்டுவிட்டு, போனை இடுப்பில் செருகினாள்.

"ஏரிக்கரையில எறங்கி ஒரு தடவ அடிச்சுப் பாத்தாராம். உள்ள என்னமோ முறிஞ்ச சத்தம் கேட்டுச்சாம். திரும்பி வர்றாரு. உங்ககிட்டயே குடுத்துடுறாராம்."

ராஜேஷ் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "ஒரு தடவ கூட சுடாம எப்படி சகல பெட்டியில வைக்கிறது?" என்றார்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானாக இருந்தால் ஏரிக்கரை வரை கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். லிவரை இழுத்தேன். வாஷர் போன கைப்பம்பு மாதிரி கனமே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. இருந்தாலும் கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நூலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு நிற்கட்டும் என்று காத்திருந்தேன். ஜெயா சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் காத்திருந்தேன். தொடை ஆடிக்கொண்டேதான் இருந்தது.